பவளப்பாறை பார்க்கப் போனவர்கள்

கலியாணமாகி ஒரு வருசம் நிறைவதைக் கடலுக்குள்தான் கொண்டாட வேண்டும் என்று பிரஷாந்தினி சொல்லிவிட்டாள். அவளுக்கு வவுனியாவில் காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை. கணவன் கோகுலனுக்கு மாங்குளத்தில் உரக்கடை. கயாக் என்ற ஒடுங்கிய படகை வலித்துக்கொண்டு போய், கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மீன் பார்க்கும் சுற்றுலா. எங்கே போவது என்பதில்தான் இழுபறி. திருகோணமலையில் சனநெரிசல். கற்பிட்டி தூரம். கடைசியில் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு களப்பில், அதாவது கடலோடு சேர்ந்த ஏரியில், புதிதாகத் தொடங்கியிருந்த சுற்றுலாவைத் தெரிந்தெடுத்தாள்.

“படத்தைப் பாருங்கோ, பவளப்பாறை! எல்லாரும் ஐஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்கினம்.”

“களப்புக்குள்ளை ஏது பவளப்பாறை?”

“உரம் விக்கிற உங்களுக்கு என்ன தெரியும்?”

ஞாயிறு காலை வழிகாட்டி டினோஜன் “வெல்கம் டு பாரடைஸ்” என்று தொடங்கி ஆங்கிலத்திலேயே பொழிந்தான்.

“தம்பி, நாங்கள் மாங்குளம். தமிழிலை சொல்லுமன்,” என்றான் கோகுலன்.

டினோஜன் தடுமாறினான். “அண்ணை, இங்கிலீசிலைதான் பாடமாக்கினனான். தமிழிலை வராது.”

களப்பின் நடுவில் படகுகள் நின்றன. பிரஷாந்தினி கண்ணை மூடிக்கொண்டு குதித்தாள். முழங்கால் சேற்றில் இடித்தது. எழுந்து நின்றாள், தண்ணீர் இடுப்பளவுதான். ஆனாலும் விடவில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துத் தேடினாள். கலங்கல்தான் தெரிந்தது. பக்கத்தில் கோகுலனும் விசுவாசமாகத் தேடினான்.

இறால் வலையோடு நடந்து வந்த ஒரு அம்மா அவர்களைக் கண்டு நின்றார்.

“என்ன பிள்ளையள், சங்கிலியைத் துலைச்சிட்டியளோ?”

“இல்லையம்மா, பவளப்பாறை பாக்கிறம்.”

அவர் டினோஜனைப் பார்த்தார். டினோஜன் வானத்தைப் பார்த்தான்.

“ஓ... பாருங்கோ, பாருங்கோ,” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பிரஷாந்தினிக்கு ஆத்திரம் வந்தது. திரும்பினால், கோகுலனின் மீசை முழுக்கச் சேறு. ஆத்திரம் போய்ச் சிரிப்பு வந்தது. இருவரும் தண்ணீருக்குள் குந்தியிருந்து சிரித்தார்கள். சுற்றுலா பிடித்துவிட்டது என்று நினைத்த டினோஜன் படமெடுத்தான்.

அடுத்த கிழமை அலுவலகத்தில் கூட வேலை செய்யும் கஜனி தொலைபேசியை நீட்டினாள். ‘வெளிநாட்டுப் பயணிகளைக் கவர்ந்த முல்லை மண்!’ என்ற வரிக்குக் கீழே டினோஜன் எடுத்த அதே படம். பாதி முகத்தைக் கண்ணாடி மறைத்திருந்தது. மீதியை வெயில் கிறீம் வெள்ளையாக்கியிருந்தது.

“அக்கா, வெள்ளைக்காரரே வருகினம். நாங்களும் போகப்போறம். எனக்கு நீந்தத் தெரியாது, பயமில்லைத்தானே?”

பிரஷாந்தினி தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

“பயப்பிடாமல் போம்,” என்றாள். “தண்ணியிலை தாழமாட்டீர். அதுக்கு மட்டும் நான் பொறுப்பு.”