மாப்பிள்ளை மேல் ஒரு புகார்

மச்சான் நல்லையா ஒரு கூடை மங்குஸ்தான் பழத்தோடு வீட்டுக்குள் நுழைந்ததும் கருப்பண்ணன் பதறி எழுந்தான். முந்தின நாள்தான் நல்லையாவின் மர மில் அணி ஏழு கோல் வாங்கித் தோற்றிருந்தது. அந்த ஏழு கோலையும் விட்டவன் கருப்பண்ணன் கொடுத்த ஆள்.

கருப்பண்ணன் அரிசி மில் ஹாக்கி அணியின் கேப்டன். ரங்கூன் மில்கள் சில ஆட்டத்துக்கென்றே ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தன. ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதும் உண்டு. முந்தின வருஷம் ஓர் அணி முழங்கால் போன ஒருவனைத் தள்ளிவிட்டு நல்ல ஆளைப் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு ஹாக்கி சங்கம் இரண்டு விதி போட்டது. மாறப்போகிறவர்கள் எல்லாக் கேப்டன்களும் பார்க்க ஒரு மணி நேரம் ஆடிக் காட்ட வேண்டும். அப்படியும் குறை தெரிந்தால், வாங்கியவர் ஏழு நாளுக்குள் புகார் எழுதலாம். அவரவர் ஆள் அவரவரிடம் திரும்பிவிடுவார்.

கருப்பண்ணன் இரண்டையும் தாண்டிவிட்டான். கோல் காக்கும் இராமையாவுக்கு மாலைக்கண். வெயில் சாய்ந்தால் பந்து தெரியாது. ஆட்டங்களோ மில் சங்கு ஊதிய பிறகு, சாயங்காலத்தில்தான். ஆடிக் காட்டுவதை மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது கருப்பண்ணன்தான். அன்று இராமையா ஒரு பந்தைக்கூட விடவில்லை. பதிலுக்கு, முன்வரிசையில் பறக்கும் சுந்தரம் கிடைத்தான்.

புகாரைப் பற்றியும் பயமில்லை. தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டின் மேல் எந்த அண்ணன் புகார் எழுதுவான்?

"சுந்தரம் எப்படி ஆடுறான் மாப்பிள்ளை?"

"பரவாயில்லை மச்சான்."

"தங்கமான ஆளை வாங்கிக்கிட்டுப் பரவாயில்லைங்கிறீங்களே." நல்லையா சிரித்தார். குரலில் துளிக் கசப்பில்லை.

கருப்பண்ணன் மனைவி சிவகாமசுந்தரி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "அண்ணா, இராமையா சம்சாரத்தை லான்மடாவ் கடைத்தெருவுல பார்த்தேன். ஆட்டு ஈரல் வாங்கிக்கிட்டு நின்னா. ஆறு மாசமா அவருக்கு ஈரல்தானாம், கண்ணுக்கு."

நல்லையா பழத்தின் தோலை மெதுவாக உரித்தார். "ஈரல் உடம்புக்கு நல்லதும்மா," என்று பேச்சை மாற்றினார்.

மச்சானுக்கு எல்லாம் தெரியும். கருப்பண்ணன் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அண்ணன் போன பிறகு சிவகாமசுந்தரி கேட்டாள்: "ஆறு மாசம்னா உங்களுக்கும் தெரியுந்தானே?"

அவன் பழக்கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"அண்ணன் வாயைத் திறக்க மாட்டாருன்னு தெரிஞ்சு செஞ்சிருக்கீங்க. என்னை வச்சுத்தானேங்க அவரை ஏமாத்தியிருக்கீங்க. நாளைக்கே போய் நீங்களே சொல்லிடுங்க."

மறுநாள் ஏழாம் நாள். காலையிலேயே கருப்பண்ணன் சங்கச் செயலாளர் ஷம்சுதீனிடம் போய், தன் மேல் தானே புகார் கொடுப்பதாகச் சொன்னான்.

"வாங்குனவர்தான் எழுதணும்," என்றார் ஷம்சுதீன். "கொடுத்தவர் எழுதுனா அதுக்குப் பேரு புகார் இல்லை, ஒப்பாரி. சாயங்காலம் கேப்டனுங்க கூடுறாங்க. அதுக்குள்ள மச்சான் கையெழுத்தோட வாங்க."

அவனே எழுதி எடுத்துக்கொண்டு மர மில்லுக்குப் போனான். நல்லையா காகிதத்தைத் தொடவில்லை.

"தங்கச்சி மனசு சங்கடப்படும். எனக்கு வேண்டாம் மாப்பிள்ளை."

"அவதான் அனுப்பி வச்சா மச்சான்."

அதன்பிறகே வாங்கி வாசித்தார். "குறையைத் தெரிந்தே மறைத்தார்னு எழுதியிருக்கீங்க. தெரியாமன்னு மாத்திக்கலாமே. எல்லார் முன்னாலயும் வாசிப்பாங்க."

தேக்குக் கட்டை ஒன்றின் மேல் இராமையா குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனைக் கடந்து போன இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு பந்தைத் தடவுவதுபோல் செய்து காட்டினார்கள்.

"இருக்கட்டும் மச்சான்," என்றான் கருப்பண்ணன். நல்லையா கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஷம்சுதீன் வாசித்தார். 'தெரிந்தே' என்ற இடத்தில் கேப்டன்களில் ஒருவர் இருமினார். மற்றவர்கள் கருப்பண்ணனைப் பார்த்தார்கள். அவன் காது எரிந்தது. சுந்தரம் எழுந்து நல்லையாவின் பக்கம் போய் நின்றான்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. இராமையா வாசற்படிகளுக்கு மேல் சுவரைத் தொட்டபடி நின்றான்.

"உனக்குக் கண் சரியில்லைன்னு நானே சொல்லியிருக்கணும்," என்றான் கருப்பண்ணன். "இனிமே காலையில புதுசா வர்றவங்களுக்கு நீ பழக்கிக் கொடு. மில்லுல நான் பேசுறேன்."

இராமையா சுவரிலிருந்து கையை எடுத்தான். அதைக் கருப்பண்ணன் பக்கம் நீட்டினான்.

"எத்தனை படின்னு சொல்லிக்கிட்டே வாங்க கேப்டன்," என்றான். "இந்தத் தடவை சரியாச் சொல்லுங்க."