ஊளையிட்ட தரை

தேநீர்த் தட்டோடு நான் அறை வாசலில் நின்றேன். உள்ளே இருந்து என் கணவர் ஹிதேமாசா, வராதே என்று கையைக் காட்டினார். இசைத்தட்டில் செல்லோ வாத்தியம் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓர் அடி எடுத்து வைத்தால் பாய்க்கு அடியில் பலகை அசையும், இசைத்தட்டில் ஊசி துள்ளும், பாட்டு எங்கோ போய் விழும். சின்ன வயதில் தேநீர்ச் சடங்கு வகுப்பில் பாதத்தைத் தூக்காமல் தேய்த்து நடக்கப் பழகியவள் நான். அந்த நடைக்கும் ஊசி துள்ளியது. தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். இத்தனை வருடம் பஸ் ஓட்டிய மனிதர், ஓய்வு பெற்றதும் இருவருமாக உட்கார்ந்து கேட்கலாம் என்றுதான் அந்த இசைத்தட்டுப் பிளேயரை வாங்கினார். இப்போது கேட்பவர் அவர் ஒருவர்தான். சொந்த வீட்டில் நான் திருடி மாதிரி நடந்துகொண்டிருந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது.

அவருக்கும் நிம்மதி இல்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும், ஸ்பீக்கரின் அடித்தொனி தரை வழியாக ஊசிக்குப் போய், ஊசி அதையும் பாட்டென்று நினைத்துத் திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்பி, வீடே ஊளையிடத் தொடங்கும். பிளேயருக்கு அடியில் கனம் வைத்தால் அடங்கும் என்பது அவர் கணக்கு. முதலில் என் காய் நறுக்கும் பலகை போயிற்று. பிறகு தோட்டத்துக் கல். எங்கள் ஊர் மாட்சுமோட்டோவின் பழைய வீடுகளில் தரை ஆற்று மரப்பாலம் போலத்தான் இருக்கும். கனம் ஏற ஏற அது தொய்ந்து இன்னும் ஆடியது.

குளிர்காலத்துக்குக் கீரை ஊறப்போடும் நேரத்தில் அதன் மேல் கனத்துக்கு வைக்கும் என் ஊறுகாய்க் கல்லைக் காணோம்.

"பிளேயருக்கு அடியில இருக்கு தொமோயோ. கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுக்கு என் கல்லு இல்லாம முடியலைன்னா, அதையே தூக்கிட்டு வந்து ஊறுகாய்த் தொட்டி பக்கத்துல குடிவைங்க. பாட்டும் நல்லா ஊறட்டும்."

அவர் என்னைத் தாண்டி, ஊறுகாய்த் தொட்டி இருக்கும் பின்கட்டுக்கு இறங்கினார். அங்கே பலகை கிடையாது, மண்ணை இடித்துக் கெட்டியாக்கிய தரை. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்துவிட்டு, இந்த வயதில் பக்கத்தில் நின்று குதித்தார். தண்ணீர் அசையவில்லை. மறுபடியும் குதித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று மாலைக்குள் பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் தொட்டிக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டன. ஸ்பீக்கர்கள் மட்டும் அறையிலேயே நின்றன, நீளமான ஒயரோடு. அவர் அறையில் உட்கார்ந்துகொண்டார். ஊசி வைக்கும் வேலை எனக்கு வந்தது. மெதுவாக வைத்தேன். இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு என்றார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, ஊளை வரவில்லை.

வாசலுக்கு வந்து, பழக்க தோஷத்தில் நின்றுவிட்டேன்.

"வரலாமா?"

"இது என்ன கேள்வி. நல்லா மிதிச்சு வா."

குதிகாலை ஊன்றி நடந்தேன். அலமாரியில் கிண்ணங்கள் கலகலத்தன. செல்லோ அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆனால் தான் உட்கார்ந்திருந்த மெத்தையில் நகர்ந்து பாதியை எனக்கு விட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இசைத்தட்டின் ஒரு பக்கம் முடிந்துவிட்டது. ஊசி கடைசி வட்டத்திலேயே சுற்றி, டுப், டுப் என்று தட்டிக்கொண்டிருந்தது. உடனே எடுக்காவிட்டால் ஊசி தேய்ந்துவிடும் என்று பதறுகிற மனிதர்.

"நீ போறியா?" என்றார்.

"நீங்க போங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. நானும்தான். டுப், டுப் என்று அது தட்டிக்கொண்டே இருந்தது. தோளோடு தோள் சாய்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.