ஏலக்காய் டப்பாவில் மாத்திரை

ஜெபமணி இறந்து ஐந்து மாதம் கழித்துத்தான் சுந்தர்ராஜ் அவளுடைய மருந்துப் பையைத் திறந்தார். உள்ளே பிரிக்காத பெட்டிகள் இரண்டு இருந்தன. இதயம் தாறுமாறாகத் துடிக்கிறவர்களுக்கு இரத்தம் கட்டிவிடாமல் இருக்கக் கொடுக்கிற கேப்சூல். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டு வருடம் அவள் விழுங்கியது. வீணாகப் போவானேன், வாங்க வழியில்லாத யாருக்காவது உதவட்டும் என்று பெட்டிகளை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார். பழனிசெட்டிபட்டியில் அவருடைய வீட்டுத் தெரு முனையிலேயே கடை.

கடையில் நதியா இருந்தாள். மருந்தாளுநர் படிப்புப் படித்துவிட்டு மூன்று வருடமாக அங்கே வேலை பார்க்கிற பெண். ஜெபமணிக்கு மருந்து எடுத்துக் கொடுத்ததெல்லாம் அவள்தான்.

"திரும்ப வாங்கக் கூடாதுங்க ஐயா. ஒரு தடவ கடைய விட்டுப் போயிருச்சுன்னா எங்கன வச்சிருந்தீக, வெயில்ல கெடந்துச்சா ஈரத்துல கெடந்துச்சான்னு எங்களுக்குத் தெரியாதுல்ல" என்றாள்.

சுந்தர்ராஜுக்குச் சுருக்கென்றது. போடியில் முப்பத்தைந்து வருடமாக ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர்.

"ஏம்மா, சரக்கு வைக்கிறத எனக்கா சொல்லித் தர்ற? ஏலக்காயவே ஒரு வருசம் பச்சை மாறாம வச்சு எடுக்கிற ஆளு நான். இந்த மாத்திரைய எப்படி வச்சேன் தெரியுமா?"

சொல்ல ஆரம்பித்தார். ஜெபமணிக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி மடங்காது. மாத்திரை அட்டையின் தகட்டை உடைக்க அவளால் ஆகாது. ஒரு நாள் பல்லால் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். அதிலிருந்து மாதா மாதம் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அவரே உட்கார்ந்து அறுபது மாத்திரையையும் உதிர்த்துவிடுவார். ஏலத்துக்கு மாதிரிச் சரக்கு கொண்டுபோகிற சின்ன டப்பா ஒன்றில் போட்டு, இறுக மூடி, ஏலக்காய் மூட்டைக்குள் போடுகிற கறுப்புப் பாலிதீன் கவரில் சுற்றி வைப்பார். வெளிச்சம் படாது, காற்றுப் போகாது. அறுவடை மாதங்களில் இரண்டு பேரும் வண்டன்மேட்டுப் பக்கம் மலைமேல் இருந்த ஏலக்காய்த் தோட்டத்தில் தங்குவார்கள். அங்கேயும் அந்த டப்பாதான் போகும்.

கேட்டுக்கொண்டிருந்த நதியாவின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. அவள் ஒரு பெட்டியைப் பிரித்து, மடித்து வைத்திருந்த தாளை எடுத்து விரித்தாள். பொடிப்பொடியான ஆங்கில எழுத்து. ஓர் இடத்தில் விரலை வைத்துத் தமிழில் சொன்னாள்.

"சாப்பிடுற வரைக்கும் அட்டையிலேயே இருக்கணும். வேற டப்பாவுக்கு மாத்தக் கூடாது. ஈரம் பட விடக் கூடாது."

"டப்பா இறுக்கம்மா. எறும்பு போகாது."

"இறுக்கந்தான் ஐயா. ஆனா தெனம் ரெண்டு தடவ தெறக்குறீகள்ல. தெறக்கத் தெறக்க ஈரக் காத்து உள்ள போகும். இந்த மருந்துக்கு ஈரம் ஆகவே ஆகாது. வீரியம் கொறஞ்சு போயிரும்."

அவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சாரல் காலத்தில் மூட்டையின் வாயைத் தேவையில்லாமல் ஒருதரம் திறந்த ஆளை அவர் கடையை விட்டே நிறுத்தியிருக்கிறார். தோட்டத்து வீட்டில் மேகம் சன்னல் வழியாக நுழைந்து மறு சன்னல் வழியாகப் போகும். துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. அந்த வீட்டில் வைத்துத்தான் ஜெபமணியின் கையிலிருந்து காப்பித் தம்ளர் நழுவியது. வாய் கோணியது. போடிமெட்டு வளைவுகளில் இறங்கித் தேனிக்குக் கொண்டுவந்து சேர்த்தும், மூன்றாம் நாள் போய்விட்டாள்.

"அப்ப எம் பொஞ்சாதி..." என்றார்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க ஐயா. ஒழுங்கா அட்டையில வச்சுச் சாப்பிட்டவுகளுக்கும் பக்கவாதம் வருது. இதனாலதான்னும் சொல்ல முடியாது, இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. டாக்டரக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாக."

பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அதற்காகப் பின்னால் பலமுறை அவளை நன்றியோடு நினைத்துக்கொண்டார். அன்றைக்கு நன்றி தோன்றவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் மொக்கைச்சாமி ஞாபகம் வந்தது.

மொக்கைச்சாமி இருபது வருடம் அவருடைய ஜீப்பை ஓட்டியவர். வயதாகிவிட்டதென்று சொந்த ஊரான கடமலைக்குண்டுக்கே போய் ஆடு வளர்க்கிறார். போன ஆவணியில் பார்க்க வந்தபோது, தனக்கும் நெஞ்சுத் துடிப்பில் கோளாறு என்று மருந்துச் சீட்டை நீட்டினார். ஜெபமணி சாப்பிடுகிற அதே கேப்சூல். "அட்டையோட வச்சா எலி கடிச்சிரும்யா, இப்படி வச்சுக்க" என்று டப்பாவும் கறுப்புக் கவரும் கொடுத்து அனுப்பியவர் சுந்தர்ராஜ்தான்.

வீட்டுக்கு வந்ததும் போன் செய்தார்.

"சொல்லுங்க மொதலாளி. ஒடம்பு எப்படியிருக்கு?"

"இருக்கேன். ஒனக்கு?"

"எனக்கென்ன, மெத்தச் சொகம். நேரந்தவறாம மாத்திர போட்டுக்கிறேன்."

"சரி" என்றார் சுந்தர்ராஜ். "வீட்டுல சோணையம்மாவக் கேட்டதாச் சொல்லு." வைத்துவிட்டார்.

ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் என்று மொக்கைச்சாமி கேட்பார். ஏன் என்பதற்குப் பதில் சொன்னால், ஜெபமணியின் சாவைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். மகள் ஏஞ்சலிடமே அவர் அதைச் சொல்லவில்லை. அன்று பகலெல்லாம் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். இருட்டியதும் மொக்கைச்சாமி இன்னொரு மாத்திரையை அந்த டப்பாவிலிருந்து எடுத்துப் போடுவார் என்ற கணக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் நதியா கடையைத் திறக்கும்போதே போய் நின்றார். மொக்கைச்சாமி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மருந்தை நிறுத்தக் கூடாது. விட்டதற்குச் சேர்த்து இரண்டாகவும் போடக் கூடாது. இன்றைக்கே புது அட்டை வாங்கி அதிலிருந்து போட வேண்டும். டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட வேண்டும். கண்டமனூர் வழியாகக் கடமலைக்குண்டு போகிற பேருந்தில் ஏறி, இறங்குகிற வரைக்கும் அதையே மனப்பாடம் செய்துகொண்டு போனார்.

மொக்கைச்சாமி வாசலில் அகத்திக் கொப்பை ஆட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்தார். மொதலாளியைப் பார்த்ததும் கையை வேட்டியில் துடைத்தார்.

"ஒரு போன் போட்டா நான் வந்திருப்பேன்ல. இந்த வெயில்ல எதுக்கு அலைறீக?"

"அந்த டப்பாவ எடு."

"எந்த டப்பா?"

"மாத்திர டப்பா."

அவர் மனைவி சோணையம்மாள் உள்ளே போய்க் கொண்டுவந்தாள். தண்ணீர்ப் பானைக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தாள்.

"குளுமையா இருக்கட்டும்னு பான ஓரத்துல வச்சிருக்காக" என்றாள்.

சுந்தர்ராஜ் கவரைப் பிரித்து மூடியைத் திறந்தார். இருபதுக்கு மேல் இருந்தன. மினுமினுப்புப் போய்ப் பிசுபிசுவென்று இருந்தன. அடியில் இரண்டு மாத்திரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"அது ஒட்டும் மொதலாளி. நான் நகத்தால பிரிச்சுத்தான் போடுறேன்" என்றார் மொக்கைச்சாமி.

"இனிமே இத வாயில வைக்காத. நான் சொன்னது தப்பு." மனப்பாடம் செய்ததெல்லாம் வரிசை மாறி வந்தது. ஈரம், அட்டை, டாக்டர், இன்றைக்கே, நிறுத்தக் கூடாது.

சோணையம்மாள் புருசன் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கே சொன்னேன்ல, அட்டையோட இருக்கட்டும்னு. மொதலாளி சொல்லிட்டாக, மொதலாளி குடுத்துட்டாகன்னு என்னா ஆட்டம் ஆடுனீக. அந்தக் கவரத் தொட விட்டீகளா என்னைய? ஏலக்கா வைக்கிற மாதிரி மனுசன் மருந்த வைக்கிறதாம்."

"ஏ ஆத்தா, செத்த சும்மா இரு."

"அவ சொல்றது சரிதான்யா" என்றார் சுந்தர்ராஜ். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஜெபமணிக்கும் இப்படித்தான் வச்சுக் குடுத்தேன். ரெண்டு வருசம். நேத்துத்தான் எனக்கே தெரியும்."

மொக்கைச்சாமி டப்பாவை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடினார்.

"அக்கா போனது அதனாலயாண்ணே?" என்று கேட்டாள் சோணையம்மாள். அவள் குரலில் இப்போது கோபமில்லை.

"தெரியல. யாருக்கும் தெரியாதாம்."

"அக்காவுக்குத்தான் வெரலு மடங்காதே. நீங்க உதுத்துக் குடுக்காட்டி, பாதி நாளு போடாமயே இருந்திருக்கும். அதையும் நெனைங்க" என்றாள்.

"சாப்பிடுற நேரத்துக்கு நான் ஒண்ணொண்ணா அட்டைய உடைச்சுக் குடுத்திருக்கலாம்ல. விடியுமுன்னே தோட்டத்துக்குப் போயிருவேன். அதுக்காகத்தான் மொத்தமா உதுத்தேன்."

அவள் உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

மொக்கைச்சாமி சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் கடைத்தெருவுக்கு நடந்தார்கள். மருந்துக் கடை தகரக் கூரை போட்ட சின்னக் கடை. முன்பலகையில் அடுக்கியிருந்த பெட்டிகள் மேல் பதினோரு மணி வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. கடைக்காரர் ஈஸ்வரபாண்டி சீட்டைப் பார்த்துவிட்டு, முன்னாலிருந்தே ஒரு பெட்டியை உருவினார்.

"அது வேணாம். வெயில் படாத எடத்துல இருக்கிறதா எடுங்க" என்றார் சுந்தர்ராஜ்.

"எல்லாம் ஒரே மருந்துதாண்ணே. நேத்து வந்த சரக்கு."

"இருக்கட்டும். உள்ள இருந்து எடுங்க."

"நீங்க என்ன, மருந்து இன்ஸ்பெக்டரா?"

மொக்கைச்சாமி பதில் சொல்ல வாயைத் திறந்தார். சுந்தர்ராஜ் அவர் தோளில் கைவைத்து நிறுத்தினார்.

"இல்ல தம்பி. எம் பொஞ்சாதி சாப்பிட்ட மருந்து இது. நான்தான் தப்பா வச்சுக் குடுத்தேன். அவ இறந்துட்டா."

இந்தத் தடவை தரையைப் பார்க்காமல் சொன்னார். ஈஸ்வரபாண்டி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். உள்ளே போய், இருட்டு மூலையிலிருந்த இரும்பு அலமாரியைத் திறந்து வேறொரு பெட்டியை எடுத்து வந்தார். அதைக் கொடுத்துவிட்டு, முன்பலகையில் இருந்த மற்றப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்கத் தொடங்கினார். மொக்கைச்சாமியும் ஓர் ஓரமாக நின்று எடுத்துக் கொடுத்தார்.