சிவப்பில் விழுந்த வீடு

செயற்கைக்கோள் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கடல் எங்கெங்கே கரையைத் தின்கிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. கரைக்கோடு முன்பு எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது, நிலம் எவ்வளவு தாழ்வு என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வரைபடத்தில் நிறம் விழும். ஆபத்து குறைந்த இடம் பச்சை, மிகுந்த இடம் சிவப்பு. அன்று அக்காவின் தெரு முழுக்கச் சிவப்பாக விழுந்தது.

வேறு ஆண்டுகளின் படங்களை எடுத்துப் பார்த்தாள். படம் பிடித்த நேரத்தில் கடல் ஏற்றத்தில் இருந்ததோ என்றும் சரிபார்த்தாள். சிவப்பு மாறவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாள்.

"நல்ல நேரத்துல வந்தேடி! வீட்டை வித்தாச்சு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்றாள் அக்கா. "வாங்குறது ஒரு நர்ஸ். ஜன்னல் திரைக்கு அளவெடுக்க இப்ப வந்துடுவா."

"கடல் காத்தை இனாமா குடுத்துட்டேன்" என்று சிரித்தார் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் மாமா.

அவள் போனில் வரைபடத்தைக் காட்டி விளக்கினாள். மாமாவின் சிரிப்பு அடங்கியது. அக்கா மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கையெழுத்து ஆகுற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"அப்புறம் அந்தப் பொண்ணு என்னக்கா பண்ணுவா?"

"அவ உனக்கு யாரு? நான் உன்கூடப் பிறந்தவ!"

அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள். நேராகப் பின் அறைக்குப் போய், "இந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்கக்கா" என்று டேப்பை நீட்டினாள். அக்கா பிடித்துக்கொண்டாள். "என் பொண்ணு கட்டிலை இந்த ஜன்னலோரமா போடணும். கடலைப் பார்த்துக்கிட்டே தூங்கட்டும்."

அக்காவின் கையிலிருந்து டேப் நழுவியது.

"இந்த வீடு உனக்கு வேணாம்மா" என்றாள். "கடல் உள்ள வருதாம். எங்களுக்கே இப்பத்தான் தெரிஞ்சுது."

நர்ஸ் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். வாசலில் மட்டும் திரும்பி, "சொன்னீங்களே, அதுவே போதும்" என்றாள்.

அதன்பின் அக்கா தங்கையுடன் பேசுவதை நிறுத்திவிட்டாள். வரைபடம் வெளியானது. சிவப்புப் பகுதிக்காரர்களுக்கு உள்ளே தள்ளி இடம் தருவதாக அரசாங்கம் சொன்னது. ஆனால் ஆமை வேகம்தான். மழைக்காலத்தில் பின் அறைக்கு அடியிலிருந்த மணல் சரிந்து சுவர் விரிசல் விட்டதும், மாமா போன் செய்தார்.

"உன் வீட்டுல இடமிருக்காம்மா?"

"இதைக் கேட்கணுமா மாமா? கிளம்பி வாங்க."

பள்ளிக்கூட பஸ்ஸிலேயே சாமான்கள் வந்து இறங்கின. இரண்டே அறைகள், பீரோவை எங்கே வைத்தாலும் ஒரு கதவு திறக்கவில்லை. அக்கா யார் முகத்தையும் பார்க்காமல் சமையலறைக்குள் போனாள். டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது.

"உப்பைக் கொண்டுபோய் யாராவது மேல் தட்டுல வைப்பாங்களாடி?"

அவள் சமையலறைக்கு ஓடினாள்.