அரை நூல் இடைவெளி

மாமனாரின் துணிக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் புது நாற்காலி ஒன்று வந்து இறங்கியிருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. யாருக்கு இது என்று கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும்.

கார்களுக்கும் கட்டடங்களுக்கும் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது அவன் தொழில். கையகலத்தில் சொந்தக் கடை. அதைத் தொழில் என்று ஒப்புக்கொள்ள மாமனாருக்கு மனசு வரவில்லை.

"வெயில்பட்டு முன்னாடி அடுக்கின சிவப்புத் துணியெல்லாம் ரோஸ் ஆயிடுச்சு மாப்பிள்ளை," என்றார் ஒருநாள். "உங்க தாளை என் கடைக் கண்ணாடியில ஒட்டுங்க. நின்னுச்சுன்னா உங்க தொழிலப் பத்தி நான் வாயத் திறக்க மாட்டேன். பிரிஞ்சுதுன்னா உங்க கடையப் பூட்டிட்டு வந்து இந்த நாற்காலியில உட்காருங்க. தாள் கிழிக்கிற கைக்குத் துணி கிழிக்க வராதா என்ன?"

அவன் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான். வீட்டில் மனைவி பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "எதுக்குச் சரின்னீங்க?"

"உங்க அப்பாகிட்ட மாட்டேன்னு சொல்லித் தப்பிச்சவங்க யாராவது இருந்தா காட்டு, கால்ல விழுறேன்."

அவள் காட்டவில்லை. டாக்டர் மூன்று வேளை மாத்திரை எழுதினால் இரண்டு வேளைக்குப் பேரம் பேசி முடிக்கிற மனிதர் அவர்.

விடுமுறை நாளில் ஒட்டுகிறேன் என்று அவன் கெஞ்சிப் பார்த்தான். நடக்கவில்லை. மாப்பிள்ளை வேலை செய்வதை நாலு பேர் பார்க்க வேண்டுமாம். ஃபிலிமுக்குத் தூசி ஆகாது. துணிக்கடையிலோ காற்றே பஞ்சுதான். அவன் ஃபேனை நிறுத்துவான், மாமனார் போடுவார். கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் அடித்துத் துடைத்து நிமிர்வதற்குள், வாடிக்கையாளருக்குக் காட்டுகிறேன் என்று புதுத் துணியை அவர் படபடவென்று உதறுவார். ஒவ்வொரு உதறலுக்கும் அவன் மறுபடி முதலிலிருந்து துடைத்தான்.

எப்படியோ சின்னக் கண்ணாடிகளை முடித்தான். மாமனார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். துணியின் கரையை நகத்தால் நெருடிப் பார்க்கிற அதே விரலை ஃபிலிமின் ஓரத்தில் வைத்தார்.

"என்ன மாப்பிள்ளை, சுத்திலும் குறையுது?"

"குறையல மாமா, விட்டிருக்கேன். அரை நூல் இடைவெளி, ரெண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. சட்டத்து ரப்பர் மேல ஃபிலிம் ஏறிட்டா ஓரம் கண்ணாடியப் பிடிக்காது, தூக்கிடும்."

"யார் வந்து கேட்டாலும் நான் அளவுக்கு மேல ஒரு விரற்கடை சேர்த்துத்தான் கிழிச்சுக் குடுப்பேன். என் வீட்டு மாப்பிள்ளை எனக்கே குறைச்சு வெட்டுறதா? பார்க்கறவன் காறித் துப்ப மாட்டானா? பெரிய கண்ணாடியிலாவது ஓரம் முட்ட ஒட்டுங்க."

மாட்டேன் என்ற சொல் அவன் நாக்கு நுனிவரை வந்தது. நாற்காலி கண்ணில் பட்டது. சொல் உள்ளே போய்விட்டது.

முட்ட ஒட்டினான். ரப்பர் பட்டையால் நீரை வழித்துத் தள்ளினான். மாமனார் முகம் மலர்ந்தது. வந்தவர்களிடமெல்லாம், "பார்த்தீங்களா, இழைகூட இடைவெளி இல்ல," என்று பெருமை அடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கீழ் மூலை, பூனை காதைத் தூக்குவதுபோல மெல்லத் தூக்கியது.

மாப்பிள்ளை சட்டென்று அதன்மேல் கட்டைவிரலை வைத்தான். விரலை எடுத்தான், தூக்கியது. மறுபடி வைத்தான். அப்படியே ஒருக்களித்து, தெருவை வேடிக்கை பார்ப்பவன்போலக் குனிந்து நின்றுவிட்டான்.

"மாப்பிள்ளை, காபி ஆறுது!"

"இங்கயே குடுத்துடுங்க மாமா. தெரு நல்லா இருக்கு."

டிபன் கேரியரோடு வந்த மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து குரலை இறக்கினாள். "எவ்வளவு நேரம் இப்படியே நிப்பீங்க?"

"கடை சாத்துற வரைக்கும்."

"அப்புறம்?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை. நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்து தொங்கியது.

"விரல எடுத்தா அப்பா நாற்காலியக் காட்டுவார். எடுக்காம நின்னீங்கன்னா கால் வலிக்குதேன்னு நீங்களே கேட்டு வாங்கி உட்காருவீங்க. எது தேவலை?"

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. விரலை எடுத்தான்.

"மாமா, இங்க வாங்க."

அவர் கண்முன்னாலேயே மூலை எழுந்தது. "பிரியுதே!" என்றார். குரலில் பாதி அதிர்ச்சி, பாதி வெற்றி.

"பிரியும். பிரியும்னு தெரிஞ்சுதான் ஒட்டினேன், உங்களுக்குப் பயந்துக்கிட்டு." சொல்லிக்கொண்டே மூலையைப் பிடித்து இழுத்தான். முழு ஃபிலிமும் சரசரவென்று உரிந்து வந்தது.

"ஐயையோ, முழுத் துண்டு!" மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"நாற்காலிக் கதைய அப்புறம் பேசிக்கலாம். இப்ப ஃபேன நிறுத்தணும். துணி உதறக் கூடாது. ஓரத்துல நகம் படக் கூடாது."

அவன் தண்ணீர்ப் புட்டியைக் கையில் எடுத்தான். மாமனார் தொண்டையைச் செருமினார்.

"கால் நூல் விட்டாப் போதாதா?"

"அரை நூல்."

"சரி, ரெண்டுக்கும் நடுவுல ஒரு..."

"அரை நூல், மாமா."

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பேரம் படியாத ஆளைப் பார்க்கிற பார்வை. அதில் கோபத்தோடு கொஞ்சம் மரியாதையும் கலந்திருந்தது. தானே போய் ஃபேனை நிறுத்தினார்.

அவன் புதுத் துண்டு வெட்டினான். ஓரங்களில் தங்கிய நீரைத் துணி சுற்றிய அட்டையால் ஒற்றி ஒற்றி எடுத்தான். பிறகு மூலையைப் பார்ப்பதும் நாற்காலியைப் பார்ப்பதுமாக நின்றான். வெயில் இறங்கியது. மூலை அசையவில்லை.

ஒரு வாடிக்கைக்காரம்மா கண்ணாடியருகே போனாள். "என்ன அண்ணாச்சி, ஓரத்துல வெளிச்சக் கோடு தெரியுது? துண்டு பத்தலையா?" என்று விரலை நீட்டினாள்.

"அம்மா, தொடாதீங்க!" மாமனார் கல்லாவிலிருந்தே பாய்ந்தார். "இன்னும் காயணும். பத்தாமலாம் இல்ல, விட்டிருக்கு. அப்படித்தான் விடணும்."

அவள் போனதும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியின் தூசியைத் தட்டினார்.

"இத உங்க வண்டியில ஏத்திக்குங்க. உங்க கடையில வர்றவங்க உட்கார எடம் இல்லாம நிக்கிறாங்களாம், உங்க பொண்டாட்டி சொன்னா."

அவன் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனான். நின்றான். திரும்பி வந்து அந்தக் கீழ் மூலையை இன்னொரு தடவை குனிந்து பார்த்தான்.

"நாற்காலி உறையப் பிரிச்சுடவா?" என்றாள் மனைவி வண்டியருகே.

"இரு. அந்த ஓரம் முழுசாக் காயட்டும்."