புறா மார்க் தர்மச் செருப்பு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை என்னிடம் கேட்டது ஆம்பூரில் உள்ள ஒரு ஷூ கம்பெனி. வருடா வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஷூ கொடுக்கிறார்கள். ஷூவின் பக்கவாட்டில் கம்பெனி முத்திரை பளிச்சென்று இருக்கும். அந்த விழாவுக்கு ஒரு மலர், மலருக்கு ஒரு கதை. விளம்பரப் பிரிவில் இருக்கும் நயீம் அகமது தங்கமான பிள்ளை. போனில் சொன்னார்: "சார், நல்ல விஷயமா எழுதுங்க. பேஜாரெல்லாம் வேணாம்."

சரி என்றேன். என் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். இதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் நான் ஒருவரைக் கேலி செய்யப் போகிறேன்.

நயீமின் அறைச் சுவரில் ஒரு பழைய போட்டோ மாட்டியிருந்தது. பழைய சாமான் கடையில் வாங்கியதாம். யார் எவர் என்று தெரியாது, பின்பக்கம் பென்சிலால் 1926 என்று மட்டும் எழுதியிருந்தது. நீளமான பெஞ்சில் பதினெட்டு கூலியாட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். காலை முன்னால் நீட்டி, செருப்பின் அடிப்பாகத்தைக் காமிராவுக்குக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு அடித்தோலிலும் ஒரு புறா. பக்கத்தில் துருக்கித் தொப்பியும் கோட்டும் போட்ட ஒருவர், பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன் மாதிரி பூரித்துப்போய் நிற்கிறார்.

கடைசி ஆள் மட்டும் காலைத் தூக்கவில்லை. செருப்புப் போட்ட இரண்டு பாதங்களையும் மண்ணில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறார்.

ஏன் தூக்கவில்லை? கதை இந்தக் கேள்வியிலிருந்து வந்தது. மற்றதெல்லாம் கற்பனை, பெயர்களும் நான் வைத்தவை.

2

தொடக்கம் ஒன்று: "பாலாற்றில் அந்த வருடம் தண்ணீர்–"

(வேண்டாம். பாலாற்றில் தொடங்காத கதை இந்தப் பக்கத்தில் கிடையாது.)

தொடக்கம் இரண்டு: "ஏழைகளின் பாதங்களைப் பார்த்துப் பார்த்து இஷ்தியாக் அகமது சாயபுவின் நெஞ்சு கசிந்தது."

(பொய். நயீமுக்குப் பிடிக்கும். சாயபு என்றது போட்டோவில் துருக்கித் தொப்பியோடு நிற்பவரை.)

தொடக்கம் மூன்று: 1926 பங்குனியில், தோல் வியாபாரி இஷ்தியாக் அகமது சாயபு ஒரு தர்மம் செய்தே தீருவது என்று முடிவு கட்டினார். போட்டி வியாபாரி ஒருவர் ரயிலடியில் தண்ணீர்ப் பந்தல் போட்டு, பந்தலின் நெற்றியில் தன் பெயரை எழுதி வைத்துவிட்டார். மெயிலில் போகிற வெள்ளைக்காரன்கூடத் தலையை நீட்டிப் பார்க்கிறான். சாயபுவுக்கு ராத்தூக்கம் போய்விட்டது.

இதுதான் சரி. இப்படியே போகிறேன்.

3

சாயபுவின் தோல் ஷாப்பு ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருந்தது. அங்கே பதனிட்ட தோலில் எல்லாம் புறா முத்திரை குத்தி மதராஸுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து அது சீமைக்குக் கப்பலேறும். புறா மார்க் என்றால் சீமையில் தெரியும், உள்ளூரில் தெரியாது. அது அவருக்குப் பெரிய குறை.

ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை கடினமானது. தோலில் உள்ள மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். ஆட்கள் அதற்குள் இறங்கி வெறுங்காலால் தோலை மிதித்துப் புரட்டுவார்கள். கால் வெந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போகும். அந்தக் காலோடு கல்லிலும் முள்ளிலும் வீட்டுக்கு நடக்க வேண்டும். சாயபு யோசித்தார். தொட்டி ஆட்கள் பதினெட்டுப் பேருக்கும் செருப்புத் தைத்துக் கொடுத்தால் என்ன? தோல் நம்முடையது, புண்ணியமும் நம்முடையது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. வாழ்நாள் முழுக்க முத்திரை குத்தியே பழகின மனிதர் அவர். எதைப் பார்த்தாலும் அவருக்கு முத்திரையாகத்தான் தெரியும். அடித்தோலில் புறாவை மேடாக எழும்பும்படி செதுக்கச் சொன்னார். ஆள் நடந்தால் மண்ணில் புறா விழும். பதினெட்டு ஆட்களும் காலையும் மாலையும் நடந்தால் தாலூகா முழுக்க நோட்டீஸ்!

அன்று சாப்பிடும்போது மனைவி அஃப்ஸர் ஜஹானிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.*

"தர்மம் பண்றது நல்லதுதான். அதுக்கு அடியில நம்ம புறா எதுக்கு?" என்றார் அந்த அம்மாள்.

"செருப்புக்கு அடியிலதானே இருக்குது? மேல போட்டாத்தான் பெரும."

"செருப்புக்கு அடியில இருக்குது. நடந்தா மண்ணு மேல எல்லாருக்கும் தெரியுமே?"

சாயபு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

(* வீட்டில் இவர்கள் உருதுதான் பேசியிருப்பார்கள். எனக்கு அந்த மொழி தெரியாது. இருவரும் எனக்காகத் தமிழில் பேசுகிறார்கள், நல்ல மனசு.)

4

கடைசி ஆளுக்கு முனிரத்தினம் என்று பெயர் வைத்தேன். முப்பது வயது. ஷாப்பிலிருந்து ஒரு மைல் தள்ளி ஒரு கிராமம், அதன் சேரியில் வீடு. சேரியிலிருந்து ஷாப்புக்கு இரண்டு வழிகள். ஏரிக்கரை வழி நீளம், முள். ஊர்த்தெரு வழி குறுக்கு, வழவழவென்று இருக்கும். சேரி ஆட்கள் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. இது எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதத் தேவையில்லாமல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டவுனில் வளர்ந்த சாயபு மட்டும் இதை யோசித்துப் பார்க்கவில்லை.

செருப்புக் கொடுத்த நாலாம் நாள் காலை, ஊர்த்தெருப் பெண்கள் சாணி தெளித்து, வாசலைப் பெருக்கி, கோலமாவுக்கு உள்ளே போய் வந்தார்கள். வெளியே வந்து பார்த்தால் ஈர மண்ணில் வரிசையாகப் புறா. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், வாசலுக்கு நாலு புறா. இறக்கை, மூக்கு, கண் எல்லாம் துல்லியம்.

"யாரு பூவம்மா, இவ்ளோ அழகா போட்டுக்கீறது? உம் பொண்ணா?"

"எம் பொண்ணுக்குப் புள்ளியே நேரா வராது."

சில பெண்கள் புறாவை அழிக்க மனசில்லாமல் அதைச் சுற்றியே கோலம் போட்டார்களாம். இந்த இடத்தை எழுதும்போது எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் மணியக்காரர் சுந்தரமூர்த்தி வெளியே வந்துவிட்டார். ஊர் அதிகாரம் அவருடையது. ரயிலடியில் தோல் கட்டுகளின் மேல் அந்தப் புறாவை அவர் பார்த்திருக்கிறார். குனிந்தார், நிமிர்ந்தார், சேரிப் பக்கம் பார்த்தார். தாலூகாவில் புறா மார்க் செருப்பு பதினெட்டு ஜோடிதான். இந்தக் கிராமத்தில் ஒரே ஒரு ஜோடி.

பொழுது சாய்வதற்குள் தீர்ப்பு வந்தது. வெள்ளிக்கிழமை காலை முனிரத்தினம் அந்தச் செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு, தெரு முழுக்க நடந்து, வாசலுக்கு வாசல் விழுந்து கும்பிட வேண்டும். மாட்டேன் என்றால் குடிசையைப் பிரித்துக்கொண்டு ஊரை விட்டுப் போக வேண்டும்.

5

அவன் ஏன் ஊர்த்தெரு வழியாகப் போனான்? உங்களுக்குக் காரணம் வேண்டும், எனக்கும்தான். முதலில் எழுதியது: "அவன் குழந்தைக்குக் காய்ச்சல், வைத்தியர் வீடு அந்தத் தெருவைத் தாண்டி–" அழ வைக்கும். இரண்டாவது: "ஏரி உடைந்து கரை வழி–" பங்குனியில் ஏரி எங்கே உடைகிறது?

கடைசியில் சாயபுவையே சேரிக்கு அனுப்பினேன். ஜட்கா வண்டியில் போனார். குடிசைக்கு வெளியே முனிரத்தினம் காலில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். சாயபுவைப் பார்த்ததும் எழுந்தான்.

"உக்காரு, உக்காரு. வழி தெரியாம போய்ட்டேன்னு சொல்லிடு முனிரத்தினம். மணியக்காரர் கிட்ட நான் பேசிக்கிறேன்."

"பொறந்ததுலருந்து இங்கதான் கீறேன் மொதலாளி. வழி எப்டி தெரியாம பூடும்?"

"அப்ப கால்வலி ஜாஸ்தின்னு சொல்லு."

"செருப்பு போட்டப்பறம் வலி கம்மிதான்."

"பின்ன இன்னாத்துக்குய்யா போன?"

முனிரத்தினம் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"சும்மாதான். நடக்கணும்னு தோணிச்சி, நடந்தேன். பாதித் தெருவுல திரும்பிப் பாத்தேன் மொதலாளி. நான் வந்த வழி தெரிஞ்சிது. அத்தினி புறாவும் என் காலு போட்டது. இத்தினி வருசமா தொட்டியில மிதிக்கிறேன், மிதிச்ச எடம் தெரிஞ்சதே இல்ல. அதான் மிச்சத் தெருவையும் நடந்துட்டேன்."

இதை நான் யோசித்து வைக்கவில்லை. பேனா அதுபாட்டுக்குப் போய்விட்டது. அந்தப் புறா தன்னுடையது என்று சாயபு நினைத்திருந்தார். கதை என்னுடையது என்று நானும் நினைத்திருந்தேன்.

6

வெள்ளிக்கிழமைக்கு என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

முடிவு அ: வியாழக்கிழமை அஃப்ஸர் ஜஹான் சொல்கிறார்: "அவன் செருப்புல இருக்கிற புறாவச் செதுக்கி எடுத்துடுங்க. செருப்பு அவன் காலுக்கு. புறா நம்ம பேருக்கு. நம்ம பேரால அவன் ஏன் தலைகுனியணும்?" சாயபு தோல் செதுக்கும் கத்தியோடு மறுபடியும் சேரிக்குப் போகிறார்.

"இந்தப் புறா நான் போட்டது. என் தப்புன்னு மணியக்காரர் கிட்டயும் சொல்லிடறேன். எடுத்துடறேன்யா. இனிமே நீ எங்க நடந்தாலும் யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமா மொதலாளி?"

சாயபுவின் கண் கலங்குகிறது. கத்தி கையில் இருக்கிறது. செதுக்கினாரா?

முடிவு ஆ: வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் சாயபு, அவருடைய தம்பிகள், கணக்கப்பிள்ளை, தொட்டி ஆட்கள் பதினேழு பேர் எல்லோரும் புறாச் செருப்புப் போட்டுக்கொண்டு (இல்லாதவர்களுக்கு ராவோடு ராவாகத் தைத்தது) அந்தத் தெருவில் மேலும் கீழுமாக நடக்கிறார்கள். பொழுது விடிந்தால் தெருவெல்லாம் ஆயிரம் புறா. எது யார் கால் என்று மணியக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஒருவனை மட்டும் எப்படித் தண்டிப்பார்? சாயபுவிடம் கேட்கவும் முடியாது. தோல் பதனிட ஊர்க்காட்டு ஆவாரம்பட்டையெல்லாம் அவர்தான் வாங்குகிறார். சங்கதி பத்திரிகையில் வருகிறது. புறா மார்க் ஆம்பூரிலிருந்து ஆற்காடு வரை பேசப்படுகிறது. சாயபு முனிரத்தினத்துக்காக நடந்தாரா, புறாவுக்காக நடந்தாரா என்று அவருக்கே சாகும்வரை தெரியவில்லை.

நயீமுக்கு இரண்டையும் படித்துக் காட்டினேன். "ஆ போட்டுடலாம் சார். சூப்பர்!" என்றார். எனக்கும் அதுதான் ஆசை. கைதட்டு வாங்கும் முடிவு, என் பெயருக்கும் நல்லது. அதனாலேயே அதன்மேல் சந்தேகமாக இருக்கிறது. தலையில் செருப்போடு அவனை நடக்க வைக்கும் முடிவை எழுத எனக்குக் கை வரவில்லை. நிஜத்தில் எத்தனையோ பேர் அப்படி நடந்திருக்கிறார்கள் என்பது தெரியும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

7

கதையை முடிக்காமலே மலருக்கு அனுப்பிவிடலாம் என்று போனேன். நயீம் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கி மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், செருப்பு குடுத்த அன்னிக்கி எடுத்த போட்டோன்னுதானே நெனச்சீங்க?"

"ஆமாம்."

"இது புது சோல் இல்ல சார். நல்லா பாருங்க. குதிகால்ல தேஞ்சிருக்கு, புறாவுக்கு மூக்கு மழுங்கியிருக்கு. பதினஞ்சு நாளாச்சும் நடந்த செருப்பு இது. நாங்க தெனமும் இதான சார் பாக்குறோம்."

குனிந்து பார்த்தேன். பதினேழு ஜோடிச் செருப்பு, தேய்ந்த புறாக்கள். அப்படியானால் இந்தப் படம் எடுத்தபோது என் வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. முனிரத்தினம் பெஞ்சில்தான் இருக்கிறான். ஊரை விட்டுப் போகவில்லை, அல்லது போன இடத்திலிருந்து வேலைக்கு வருகிறான். காலில் செருப்பு இருக்கிறது. இந்த அளவுக்காவது எனக்குத் தெரியும். மனசு நிறைந்து, நயீமின் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் பத்து நாளாக உருகி உருகி எழுதியதில் பார்க்காததைச் செருப்பு தெரிந்த பிள்ளை ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டது.

ஆனால் அவன் பாதம் மண்ணில் இருக்கிறது. அடியில் புறாவைச் செதுக்கி எடுத்திருந்தால், காட்ட ஒன்றுமில்லாமல் ஊன்றியிருக்கிறான். புறா இன்னும் இருந்தால், காட்ட மாட்டேன் என்று ஊன்றியிருக்கிறான். போட்டோக்காரர் அவனை இரண்டு மூன்று தரம் அதட்டியிருப்பார். சாயபு, "இருக்கட்டும், வுடுங்க" என்று சொல்லியிருப்பார் என்று நம்ப ஆசைப்படுகிறேன். அவரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

முடிவை உங்களிடம் விடுகிறேன். அ, ஆ, அல்லது நான் எழுதத் துணியாதது. என் பெயரைப் பெரிதாகப் போட வேண்டாம் என்று நயீமிடம் சொல்லிவிட்டேன். ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். எந்த முடிவை எடுத்துக்கொண்டாலும், அவனைக் காலைத் தூக்கிக் காட்டச் சொல்லாதீர்கள்.