வெதுவெதுப்பாக ஒரு டப்பா

"ஐஸ்லயா வச்சுக் கொண்டு வந்தீங்க?"

"ஆமா மேடம். கீழ ஐஸ், மேல ஐஸ், நடுவுல டப்பா. எப்படி ஜில்லுனு இருக்கு பாத்தீங்களா?"

"பாத்தேன். உள்ள இருக்கிறதெல்லாம் விறைச்சுப் போய்க் கிடக்கு. ஒண்ணுகூட அசையல."

பரிசோதனைக்கூடத்தின் சின்ன ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தவன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பால் திரிந்தாலும் மீன் நாறினாலும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தாலும், குளிரவைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவன். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் வீட்டில் குழந்தைச் சத்தம் இல்லை. மனைவிக்கு எல்லாச் சோதனையும் எடுத்தாகிவிட்டது, ஒரு குறையும் இல்லை. மிச்சம் இருந்தது இவனுடைய விந்துப் பரிசோதனைதான்.

அதற்கென்று ஒதுக்கியிருந்த அறையின் கதவு காகிதம்போல இருந்தது. வெளியே யாராவது இருமினால் உள்ளே தோளில் தட்டுவதுபோலக் கேட்டது. கூச்சப்பட்டு, வீட்டிலிருந்தே கொண்டுவருகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டான். உடம்புச் சூடு ஆறாமல் கொண்டுவர வேண்டும் என்று லேப்காரம்மா அன்றைக்கே தெளிவாகச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து, லேப் மூலையில் நின்ற ஃபிரிட்ஜ் ஒரு மாதிரி முனகியது. கம்ப்ரஸர் போகப்போகிறதோ என்று இவன் காதை அங்கே கொடுத்துவிட்டான்.

"அப்ப எனக்கு... வாய்ப்பே இல்லையா மேடம்?"

"உங்களப் பத்தி இன்னும் ஒண்ணுமே தெரியாது. இது ஐஸுக்கு எடுத்த டெஸ்ட். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி கொண்டு வாங்க. அக்குள்ல இடுக்கிக்கிட்டு வாங்க, சூடு போகாது."

அப்படித்தான் அடுத்த முறை கிளம்பினார்கள். மனைவி ஸ்கூட்டரை ஓட்ட, பின்னால் இவன் இடது அக்குளில் டப்பாவை இடுக்கிக்கொண்டு, முட்டையை அடைகாக்கும் பறவைபோல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளே இருப்பவர்களிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டான்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. நடைபாதையிலிருந்து மாமனார் இறங்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்ன மாப்பிள்ளை, கை ஏன் இப்படி ஒட்டிக்கிட்டிருக்கு?"

இவன் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "சுளுக்குப்பா."

சொன்ன பிறகுதான் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சுளுக்கு என்று காதில் விழுந்தால் மனுஷன் சும்மா இருக்க மாட்டார்.

"சுளுக்கா? அட, இதுக்கா ஆஸ்பத்திரிக்குப் போறீங்க? கையத் தூக்குங்க மாப்பிள்ளை. ஒரே இழுப்பு!"

"வேணாம் மாமா."

"பயப்படாதீங்க. எத்தனை பசங்களுக்கு எடுத்து விட்டிருக்கேன்!"

"ஐயோ மாமா, உங்க கால்ல வேணா விழறேன், கைய விடுங்க!"

அவர் முழங்கையைப் பிடித்து இழுக்க, இவன் விலாவோடு இறுக்க, பக்கத்து லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "பெரியவரே, விடாதீங்க!" என்று உற்சாகப்படுத்தினார். பச்சை விழுந்ததும் மனைவி ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள். மாமனார் கையை விடாமல் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடிவந்தார். ஓய்வு பெற்றவர் என்று யாரும் சொல்ல முடியாது.

லேப்காரம்மா டப்பாவைத் தொட்டுப் பார்த்தார். "நல்ல சூடு," என்றார். அது சான்றிதழ்போலக் கேட்டது. காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பிறகு கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்து, மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். மனைவி இவனுடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சொட்டுக்குள் இவனுடைய அகலக் காதுகளோடு யாரோ நீந்திக்கொண்டிருக்கலாம். யாருமே இல்லாமலும் இருக்கலாம். லேப்காரம்மாவின் புருவம் ஏறியது, இறங்கியது. ஒன்றும் புரியவில்லை. இவன் ஜன்னலுக்குள் பாதித் தலையை நுழைத்தான்.

"மேடம்... ஒண்ணே ஒண்ணு அசைஞ்சாக்கூடப் போதும். நானும் ஒரே ஒரு தடவ எட்டிப் பாத்துக்கட்டுமா?"